நத்தார் முடியட்டும்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில் கிறிஸ்தவர்களின் நத்தாருக்கும் எங்கள் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நடுவில் ஒரு கிழமைதான் இருந்தது. மற்றவர்களுக்கு அது இரட்டைக் கொண்டாட்டம். தையல்காரிக்கு இரட்டைத் தண்டனை. வவுனியா பட்டாணிச்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பக்கம் வேதக்காரப் பிள்ளைகளின் சிவப்புச் சட்டைகள் குவிந்து கிடந்தன. மறு பக்கம் எங்கள் ஆட்களின் பச்சையும் ஊதாவும். நடுவில் மெசின். மெசினுக்கு மேலே ஒழுகுகிற தகரம். அதற்குக் கீழே நான்.

என்னை எல்லோரும் கெட்டிக்காரி என்பார்கள். கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை காலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், இந்தக் கிழமை வீட்டுக்கு என்ன செய்ய வேண்டும், எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று மனதுக்குள் பிரித்துக்கொள்வேன். அவ்வளவுதான். வீட்டு வேலை எப்படியாவது நடந்துவிடும், நடக்காவிட்டால் வீடே கத்திச் சொல்லும். எனக்கான வேலை அந்த மாரி முழுக்க ஒன்றே ஒன்றுதான். என் புருஷன் மௌத்தாகிவிட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்று நான் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு கிழமையும் அது கடைசியில் நின்றது. ஒவ்வொரு கிழமையும் நேரம் காணாமல் அடுத்த கிழமைக்குத் தள்ளுப்பட்டது.

என் புருஷன் நிஸார் மச்சான் லொறியில் சாமான் கொண்டுபோய் விற்கிறவர். பிளாஸ்டிக் வாளி, கதிரை, பாய். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலத்தில் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடி ஓடித்தான் இந்த வீட்டுக்குச் சுவர் எழுப்பினார். கூரைக்கு நல்ல தகரம் போடுவதற்கு இன்னும் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது. ஆவணியில் ஒரு வியாழக்கிழமை சாரதியோடு வெளிக்கிட்டார். வெள்ளிக்கிழமை லொறி ஆனையிறவு தாண்டிவிட்டது என்று ஒரு ஆள் மூலம் தகவல் வந்தது. அன்று பின்னேரமே சண்டை தொடங்கிப் பாதை மூடுப்பட்டது. அதற்குப் பிறகு தகவல் இல்லை.

முதல் மாதம் வாசலைப் பார்த்துப் பார்த்துத் தைத்தேன். இரண்டாம் மாதம் வாசலைப் பார்க்காமல் தைத்தேன். பிறகு உள்ளே ஏதோ ஒன்று விறைத்துப்போனது. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் எப்படி இருக்கும், அப்படி. தொடுகிறது தெரியும், நோகாது. அது ஒருவகையில் வசதியாகத்தான் இருந்தது. நோகாத கையால் நிறையத் தைக்கலாம்.

ஐப்பசியில், யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த ஒருவர் எங்கள் லொறி பாதையோரத்தில் எரிந்து கிடந்ததைக் கண்டதாக என் நானாவிடம் சொல்லியிருக்கிறார். என் கூடப்பிறந்த மூத்தவர், நவ்பர் நானா. பள்ளிவாசல் வேலைகளில் முன்னுக்கு நிற்கிறவர். எதையும் நேரத்துக்கு முடித்துவிட வேண்டும் அவருக்கு, துக்கத்தையும்கூட.

"இத்தாவில இருந்திடு பரீனா" என்றார். "பேணுதலுக்குத்தான் சொல்றன். நாளைக்கு ஊர் ஒரு கதை கதைக்கும்."

புருஷன் மௌத்தானால் பெண்சாதி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வெள்ளை உடுப்பு. அலங்காரம் இல்லை, கடைத்தெரு இல்லை, அந்நிய ஆண்களோடு கதை பேச்சு இல்லை. அதைத்தான் இத்தா என்கிறோம். வெளியில் இருப்பவர்களுக்கு அது சிறை மாதிரித் தெரியும். இருந்து எழும்பினவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்லுவார்கள்.

"லொறி எரிஞ்சது எண்டுதானே சொன்னார்? மச்சானை அவர் காணேல்லயே" என்றேன்.

"லொறிய விட்டிட்டு அவர் எங்க போவார்?"

இதற்குப் பதில் தேடி அவர் மௌலவியிடம் போனார். மௌலவி நிதானமான மனிதர், அவசரப்பட்டு வாயைத் திறக்க மாட்டார். "சொன்ன ஆள் லொறியத்தான் கண்டிருக்கார். தங்கச்சிட மனசு அத உறுதியா ஏத்துக்கொண்டால் இருக்கட்டும். இல்லாட்டி காத்திருக்கட்டும். நாம வற்புறுத்தேலா" என்று சொல்லி அனுப்பினார்.

அதோடு முழுப் பாரமும் என் தலையில் இறங்கியது. என் மனசு ஏற்றுக்கொண்டால் மச்சான் மௌத்து. ஏற்றுக்கொள்ளாவிட்டால் ஹயாத்தோடு இருக்கிறார். ஒரு மனுஷனைச் சாகக் கொடுக்கவும் உயிரோடு வைத்திருக்கவும் இந்த வவுனியாவில் என்னை விட்டால் ஆள் இல்லாத மாதிரி.

"நத்தார் முடியட்டும் நானா" என்றேன்.

"முஸ்லிம் பொம்புளைக்கு நத்தார் எதுக்கு?"

"வேதக்காரருக்குப் புதுச்சட்டை எதுக்கு எண்டு போய் அவங்களக் கேளுங்க."

நான் சொன்னது பொய்யும் இல்லை. இத்தாவில் இருந்தால் நூலுக்கும் சட்டைக் கரைக்கு வைக்கிற றேந்தைக்கும் கடைத்தெருவுக்குப் போக முடியாது, சட்டை எடுக்க வருகிற தகப்பன்மாரோடு கதைக்க முடியாது. நத்தாரும் ஹஜ்ஜும் கைவிட்டுப் போனால் நோன்புப் பெருநாள் வரை மெசின் சும்மா கிடக்கும். மகள் சப்னா தை மாதம் முதலாம் வகுப்புக்குப் போகிறாள். காரணம் தேடினால் நூறு கிடைக்கும். எனக்கு நத்தார் ஒன்றே போதுமாக இருந்தது.

மாமி மட்டும் இந்தக் கதையில் வாயே திறக்கவில்லை. மாமி என்றால் மச்சானின் உம்மா, என் வாப்பாவுக்குத் தங்கச்சி. யாராவது லொறி என்று தொடங்கினால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். ஆனால் சப்னாவிடம், வாப்பா யாழ்ப்பாணத்தில் கடை போட்டிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார். ஒவ்வொரு கிழமையும் அந்தக் கடைக்குச் சாமான் கூடியது. முதலில் ஒரு மேசை. பிறகு கண்ணாடி அலுமாரி. மார்கழி பிறந்தபோது கடைக்குக் காற்றாடியும் பூட்டியாயிற்று. நான் மறுத்துச் சொல்லவில்லை. எனக்கே சில வேளை அந்தக் கடையைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

மார்கழி முதல் கிழமை கூரைக்குப் போனது. மழை விட்டபாடில்லை. மெசினுக்கு மேலே ஒழுகிய இடத்தில் நானே மேசை போட்டு ஏறித் தார் பூசினேன். அடுத்த நாள் ஒழுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. மெசினை ஒரு முழம் தள்ளி வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது. எனக்கான வேலை அடுத்த கிழமைக்குப் போனது.

இதற்கிடையில் நானா ஒரு பார்சல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல வெள்ளைத் துணி, நாலைந்து உடுப்புக்குக் காணும். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த ஒழுங்கை றிப்கா எப்படியோ அதைக் கண்டுவிட்டாள். றிப்காவுக்குத் தெரிந்தால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி தேவையில்லை. புருஷனைக் காணவில்லை, நானா இத்தாத் துணி வாங்கிக் கொடுத்துவிட்டார், இவள் என்னடா என்றால் கடைத்தெருவில் சிவப்பு றேந்தை பார்த்துத் திரிகிறாள் என்று அவள் சொல்லாத வீடில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் மூடப் போகவில்லை. அவளுடைய ஹஜ்ஜுச் சல்வாரும் என்னிடம்தான் தைக்கக் கிடந்தது.

இரண்டாம் கிழமையில் இரஞ்சிதம் ரீச்சர் குடையும் தானுமாக ஓடி வந்தார். வேதக்காரக் கோயிலில் நத்தார்ப் பாட்டுக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறவர். சம்மனசு உடுப்புகளை, இறக்கை வைத்த வானதூதர் உடுப்புகளை, என்னிடம்தான் ஒப்படைத்திருந்தார்.

"பரீனா, சம்மனசு இன்னும் கொஞ்சம் கூடிப்போச்சு. தாய்மார் வந்து அழுகினம், தங்கட பிள்ளையையும் சேர்க்கச் சொல்லி. இந்தக் காலத்தில பிள்ளையளுக்கு இருக்கிற சந்தோசம் இது ஒண்டுதானே. நான் எப்பிடி மாட்டன் எண்டு சொல்லுறது?"

"சேருங்கோ ரீச்சர். துணி?"

"அதுதான். கடையில அந்த வெள்ளை முடிஞ்சுதாம். கொழும்பிலயிருந்து எப்ப வருமெண்டு தெரியாதாம்." கதிரையில் இருந்து கண்ணாடியைத் துடைத்தார். "அதுகளிட்டப் போய் இல்லையெண்டு சொல்லத்தான் வேணும்."

நான் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்தேன்.

நானாவின் துணியை மேசையில் விரித்துக் கத்தரிக்கோலை வைத்தேன். துணி அருமையாக வெட்டுப்பட்டது. நானா கஞ்சத்தனம் பார்க்கவில்லை என்று நினைத்தேன், வேறு ஒன்றும் நினைக்கவில்லை. சின்னச் சம்மனசுகளுக்குக் கழுத்தில் சுருக்கு வைத்தேன், கைக்கு அகலம் விட்டேன். மிஞ்சிய துண்டுகளில் இறக்கைக்கு உறை தைத்தேன்.

இரண்டு நாள் போகவில்லை, நானா வந்து நின்றார். றிப்கா தன் கடமையைச் செய்துவிட்டாள்.

"அந்தத் துணியையா வெட்டினாய்? உன்ட நெஞ்சில ஈரமே இல்லையா?"

"ஈரமா? மேல பாருங்க நானா. ஈரத்துக்கு இந்த வீட்டில குறையே இல்ல."

அவர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டார். கோபக்காரர்தான், ஆனால் என்னைத் தூக்கி வளர்த்தவர். "புள்ள, நான் உன்னை வீட்டில பூட்டி வைக்கச் சொல்லேல்ல" என்றார். "நீ அழவே இல்ல. அத எனக்குப் பாக்க ஏலாமல் கிடக்கு. இருந்தாயெண்டா அழுவாய் எண்டு நினைச்சன்."

அந்தச் சொல் எங்கோ போய்ப் பட்டது. பட்டது என்று தெரிந்தது, அவ்வளவுதான். "நத்தார் முடியட்டும்" என்றேன். "சத்தியமா. நத்தார் முடிஞ்ச அடுத்த கிழமை இருக்கிறன். லொறியக் கண்ட ஆள் சொன்னத ஏத்துக்கொள்றன்." அப்படிச் சொன்ன பிறகு மனம் ஓரளவு லேசானது. கடைசியில் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். நாள்தான் தள்ளி வைத்திருந்தேன்.

மூன்றாம் கிழமை எப்படிப் போனதென்றே தெரியாது. மாமியைப் பிறசர் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன், நீண்ட வரிசையில் நின்றபடியே கொலர்களுக்குக் கைத்தையல் போட்டேன். சப்னாவின் வெள்ளைச் சட்டையைத் தைத்து, வளர்த்தி வந்தால் இறக்கிவிடலாம் என்று கீழே அகலமாக மடித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு கோயில் மண்டபத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உடுப்பைப் போட்டு அளவு பார்த்தேன். ஆகச் சின்னச் சம்மனசு ஒன்று இறக்கையைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு, பறக்கத் தெரியாத கோழி மாதிரி மண்டபம் முழுக்க ஓடித் திரிந்தது. பிடிக்கப் போன ரீச்சர் வழுக்கி விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன்.

நத்தார் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நானா வந்தார், பின்னால் ஒரு மனிதர். மெலிந்து, தாடி வளர்ந்து, சேர்ட் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. முதலில் அடையாளம் தெரியவில்லை. மாமிக்குத்தான் தெரிந்தது.

"வீரகத்தி" என்றார் மாமி.

செட்டிகுளத்து வீரகத்தி அண்ணை. மச்சானின் லொறியை ஓட்டினவர். அவருக்குப் பின்னால் இன்னொரு ஆள் வருகிறதா என்று மாமி எட்டிப் பார்த்தார். படலை திறந்தபடி கிடந்தது, ஒருவரும் வரவில்லை.

வீரகத்தி அண்ணை கதிரையில் இருக்க மாட்டேன் என்றுவிட்டார். நின்றபடியே சொன்னார்.

"அண்டைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம், அம்மா. கொடிகாமத்துக்குக் கிட்ட. லொறியை நிப்பாட்டச் சொல்லிப்போட்டுத் தம்பி தொழ இறங்கினவர். அப்பத்தான் சத்தம் கேக்கத் தொடங்கினது. ஓடி வாரும் எண்டு கூப்பிட்டனான். ஷெல் விழுந்திட்டுது. எங்கயிருந்து வந்ததெண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு சொல்லும் கதைக்கேல்லை. உடன."

மழை கொஞ்சம் விட்டிருந்தது. தகரத்தில் மிச்சத் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பக்கத்துக் காணியில குழி வெட்டித் தாட்டனான். உங்கட ஆக்கள் ஒருத்தரும் அங்க இல்லை. எப்பிடிச் செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி." இப்போது என்னைப் பார்த்தார். "நீங்கள் மேற்குப் பக்கம் பாத்துத் தொழுறதைக் கண்டிருக்கிறன். அதால முகத்தை மேற்குக்குத் திருப்பி வைச்சன். பிழையெண்டா மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பிழையில்ல" என்றார் நானா. "பிழையே இல்ல."

"இடைக்கிட லைன் கிடைச்சது. போன் எடுத்திருக்கலாம். ஆனால் போனில சொல்லுற கதையே இது? இப்பிடிச் செய்தியை நேர வந்து வாசலில நிண்டு சொல்லோணும் எண்டு நினைச்சன். கப்பலில இடம் கிடைக்க இவ்வளவு காலம் போயிட்டுது." சட்டைப்பையிலிருந்து மச்சானின் அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

மாமியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒப்பாரியும் இல்லை, அழுகையும் இல்லை. இவ்வளவு நாளும் வாய் திறக்காமல் அடைத்து வைத்திருந்த சத்தம். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். படத்தில் மச்சானுக்கு முடி நிறைய இருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று தெரிந்தது, ஆகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால் ஒரு ஆறுதல்கூட வந்தது. இனி நான் முடிவெடுக்க வேண்டியதில்லை. இனிக் கதவைச் சாத்தலாம். படுக்கலாம். ஒருவரும் வந்து றேந்தை கேட்க மாட்டார்கள். கூரை ஒழுகினால் நானா பார்ப்பார். நாலு மாதமும் பத்து நாளும் எனக்கே எனக்கு. விறைப்பு இறங்குவதற்கு அவ்வளவு காலம் காணும் என்று நினைத்தேன். மச்சானை நினைக்க எனக்கு நேரம் கிடைத்துவிட்டது.

நானா மௌலவியைக் கூட்டி வந்தார். நான் அறைக்குள் திரைக்குப் பின்னால் இருந்தேன். மௌலவி வீரகத்தி அண்ணையிடம் எல்லாவற்றையும் ஆறுதலாகக் கேட்டார். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டார். பாதை மூடின அதே வெள்ளியா என்று திரும்பவும் கேட்டார். திரை விலகிய இடைவெளியில் அவருடைய விரல்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாக மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி" என்றார். "இத்தா மௌத்தான நாள்ல இருந்துதான் தொடங்கும். நமக்குத் தெரிய வந்த நாள்ல இருந்து இல்ல. பிறைக் கணக்குப்படி பாத்தால் உங்கட இத்தா போன ஞாயிற்றுக்கிழமையோட முடிஞ்சுது."

நானாதான் முதலில் வாய் திறந்தார். "அவ இருக்கவே இல்லையே, மௌலவி?"

"இருந்தாலும் இல்லாட்டியும் காலம் போனால் முடிஞ்சதுதான். தெரியாமல் நடந்தபடியால் அவக்குக் குற்றமுமில்ல."

போன ஞாயிறு. நான் கோயில் மண்டபத்தில் வாய்விட்டுச் சிரித்த ஞாயிறு. ஆவணியிலிருந்து அன்றுவரை நான் இத்தாவில்தான் இருந்திருக்கிறேன். இத்தாவில் இருந்துகொண்டே கடைத்தெருவில் சிவப்பு றேந்தை பேரம் பேசியிருக்கிறேன், ஊதாச் சல்வார் உடுத்திச் செட்டிகுளத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய் வட்டிலப்பம் சாப்பிட்டிருக்கிறேன். நானா சொன்ன நேரத்தில், ஐப்பசியில் இருந்திருந்தால், கொஞ்சக் காலமாவது எனக்குக் கிடைத்திருக்கும். நான்தான் நத்தார் நத்தார் என்று தள்ளினேன். எங்கள் எல்லோருக்கும், பள்ளிவாசலில் முன்னுக்கு நிற்கிற நானாவுக்கும்கூட, நாங்கள் எப்போது இருக்கிறோமோ அப்போதுதான் இத்தா தொடங்கும் என்ற நினைப்பு. அது எங்களுக்காக வாசலில் காத்துக்கொண்டு நிற்கும் என்று நினைத்தோம்.

"நான் இப்ப இருக்கிறன், மௌலவி" என்றேன். "என்ட விருப்பத்துக்கு."

திரைக்கு அந்தப் பக்கம் அவர் பெருமூச்சு விட்டார். "ஏலாது தங்கச்சி. இருக்கிறத குறைக்கவும் ஏலா, இல்லாதத கூட்டவும் ஏலா. நீங்க அவருக்குத் துஆ கேளுங்க. அதுக்குக் காலம் நேரம் இல்ல."

"மாமிக்கு?"

"உம்மாக்கு மூண்டு நாள் துக்கம் இருக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. மௌலவிமேல் இல்லை, அவர் உள்ளதைத்தான் சொன்னார். வீரகத்தி அண்ணைமேலும் இல்லை. நேரில் வந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தது மரியாதை. அந்த மரியாதையிலும் என் சாக்கிலும் என் காலம் கரைந்து போய்விட்டது. யார்மேல் என்று தெரியாத கோபம். அதுவும் தேத்தண்ணி வைக்கப் போன இடத்தில் ஆறிவிட்டது.

அடக்க ஒரு மையித்து இல்லாத வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். யாசீன் ஓதினார்கள். அயலவர்கள் சோறு சமைத்துக் கொண்டுவந்தார்கள். மாமி பாயில் சுருண்டு கிடந்தார். பெண்கள் அவரைச் சுற்றி இருந்து தலையைத் தடவினார்கள். என்னை என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தாவில் இருக்கிற பெண் என்றால் பக்கத்தில் போய் இருக்கலாம், வெள்ளையைப் பார்த்து அழலாம். இத்தா முடித்த பெண் என்றால் எழும்பி நடமாட வேண்டியவள். அதனால் நான் தேத்தண்ணி ஊற்றினேன், கோப்பை கழுவினேன்.

சப்னாவிடம் நான்தான் சொன்னேன். வாப்பா மௌத்தாகிவிட்டார், இனி வர மாட்டார் என்று. அவள் யோசித்துவிட்டு, "அப்ப கடைய ஆர் பாக்கிறது?" என்றாள்.

சனிக்கிழமை ரீச்சர் வந்தார். ஓட்டோவிலிருந்து இறங்கியதும் என்னைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதார். நான் அவருடைய முதுகைத் தட்டிக் கொடுத்தேன். செத்தது அவருடைய புருஷன் போலவும், நான் ஆறுதல் சொல்ல வந்தவள் போலவும் இருந்தது. "இறக்கை ரெண்டு ஈரமாக் கிடக்கு, ரீச்சர். கொண்டுபோன உடன விரிச்சுப் போடுங்கோ" என்றேன். அவர் என்னைப் பயத்தோடு பார்த்தார்.

றிப்காவும் வந்தாள். மாமிக்குப் பக்கத்தில் இருந்து மூக்கைச் சிந்தி அழுதாள். போகும்போது என் கையைப் பிடித்து, "ஒரு விதத்தில அல்லாஹ் உனக்கு லேசாக்கித் தந்திட்டான், பரீனா. இல்லாட்டி நாலு மாசம் வீட்டுக்குள்ள" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ட சல்வார் பெருநாளைக்கு முடியும்தானே?" என்றாள்.

"முடியும்" என்றேன்.

மாமிக்கு மூன்று நாள் முடிந்த அன்று நத்தார். ஊரில் எங்கோ வெடி சுட்டார்கள், நத்தார் வெடிதான் என்று விளங்க ஒரு கணம் பிடித்தது. காலையில் மாமி குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு முன்னறைக்கு வந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது. அழுது முடித்த முகம். எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

நான் றிப்காவின் சல்வாருக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தேன். மாமி மெசின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"எழும்பு, புள்ள."

"இந்தக் கையை மட்டும் முடிச்சிட்டு வாறன், மாமி."

"எழும்பு எண்டன்."

அறைக்குள் கூட்டிப் போய்ப் பாயை விரித்தார். ஜன்னலைச் சாத்தினார். நான் ஏதோ சொல்லப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெளியே போனார். படுத்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை. மௌலவி சொன்னது சரிதான், எனக்கு இங்கே ஒரு அலுவலும் இல்லை, எழும்பிப் போவோம் என்று நினைத்தேன்.

அப்போது படலையில் றிப்காவின் குரல் கேட்டது.

"மாமி, பரீனா எங்க? சல்வார் போட்டுப் பாக்க வந்தன்."

"அவ இத்தாவில இருக்கா" என்றார் மாமி.

"அது முடிஞ்சுதெண்டு மௌலவி சொன்னாரே?"

"அவர்ட கணக்குச் சரிதான். நான் பிழை சொல்லேல்ல." மாமியின் குரல் ஒருக்கால் தடக்கி, பிறகு நேராக வந்தது. "என்ட மகன் மௌத்தாகிட்டான், றிப்கா. அவன்ட பொண்டாட்டி உள்ளுக்கு இத்தாவில இருக்கா. போய்ட்டுப் பிறகு வா."

கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.